பழைய ஸ்பீட்வே ப்ரோக்ராம் பெட்டி ஒண்ணு வாங்குனேன், உள்ள பாதி சைமன் விக் தான் இருந்தாரு

மொதல்ல பொருள் என்னன்னு சொல்லிடறேன். சைமன் விக்ங்கிறவர் ஒரு இங்கிலாந்து ஸ்பீட்வே ரைடர். இங்கிலாந்துல ஆன்லைன்ல பழைய சாமான் விக்கிற ஒருத்தர்கிட்ட வாங்குனது, பேர் வேண்டாம். 1980, 90கள்ல நடந்த ஸ்பீட்வே பைக் ரேஸ் ப்ரோக்ராம் புக்கு, "சைமன் விக் கலெக்ஷன், 60க்கு மேல" அப்படின்னு போட்டிருந்தாரு, வெலை 45 பவுண்டு, டெலிவரிக்கு 6 பவுண்டு தனி. வந்து எண்ணிப் பாத்தா 57. அதுலயும் நாலு டபுள். இது மொத குறை, இன்னும் இருக்கு, வரிசையா வரேன்.

பெட்டி வந்த அன்னிக்கு நான் வீட்ல இல்ல. வொய்ஃப் தான் வாங்கி வச்சாங்க, மேல மார்க்கர்ல பெருசா "விக்"னு எழுதிருக்கு, உடனே போன். "ஏங்க, முடி கொட்டுதுன்னு பொலம்பிட்டு இருந்தீங்க சரி, அதுக்கு ஒரு பெட்டி நெறைய விக்கா வாங்குவீங்க?" ஆபீஸ்ல மீட்டிங்ல இருந்தேன், சிரிப்ப அடக்க முடியல. வீட்டுக்கு வந்து தொறந்து காட்டுனதுக்கு அப்புறம் "இதுக்கு விக்கே தேவலாம்"னு சொல்லிட்டு போயிட்டாங்க.

சரி, நான் ஏன் இத வாங்குனேன்? எனக்கு இந்த ஊருக்கு வர்றதுக்கு முன்னாடி ஸ்பீட்வேன்னா என்னன்னே தெரியாது, மோட்டோ ஜிபி மாதிரி ஏதோ ஒண்ணுன்னு தான் நெனச்சேன். 2022ல ஆக்ஸ்ஃபோர்ட் ஸ்டேடியம் திரும்ப தொறந்தாங்க, கவுலில கார் ஃபேக்டரி பக்கத்துல இருக்கே அது தான், 2007க்கு அப்புறம் அங்க ஸ்பீட்வேயே இல்ல, 2012 கடைசில ஸ்டேடியமே மூடிட்டாங்க, பத்து வருஷம் பூட்டிக் கெடந்த எடம். வேலை செய்ற எடத்துல ஒரு பெரியவர், ரிட்டயர் ஆகப் போற வயசு, வா வான்னு இழுத்துட்டுப் போனாரு. உள்ள போன உடனே ஒரு வாசன அடிச்சுது பாருங்க, நல்லா தெரிஞ்ச வாசன ஆனா எங்கன்னு புடிபடல, ரெண்டு ரேஸ் முடிஞ்சதும் தான் மண்டைல ஒறச்சுது, அது காஞ்ச விளக்கெண்ணெய். நெஜமாவே. இந்த பைக் இன்ஜின்ல ஆமணக்கு எண்ணெய்ல செஞ்ச ஆயில் தான் ஊத்துவாங்களாம், எரியிறது மெத்தனால். அம்மாச்சி சின்ன வயசுல மூக்க புடிச்சுக்கிட்டு ஊத்துன அதே சாமான் இங்க நாலு பைக்ல பொகையா போகுது. அன்னிக்கு விழுந்தவன் தான், இன்னும் எந்திரிக்கல.

தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. நாலு பேர், நாலு ரவுண்டு, ஒரு நிமிஷம் சொச்சத்துல முடிஞ்சிரும். 500 சிசி, ஒரே சிலிண்டர், ஒரே கியர், பிரேக் கெடையாது. ஆமா பிரேக் கெடையாது, எழுத்துப் பிழை இல்ல. ஷேல்னு ஒரு பொடிக்கல்லு தரை, எப்பவும் எடது பக்கம் தான் திரும்பணும், பின் சக்கரத்த வெளிய வழுக்க விட்டு ஹேண்டில வலது பக்கம் திருப்பி வச்சுக்கிட்டு எடது கால்ல இரும்பு ஷூ மாட்டி தரைல தேச்சுக்கிட்டே போவாங்க. ஜெயிச்சா 3, ரெண்டாவது 2, மூணாவது 1, கடைசிக்கு முட்டை. இங்கிலாந்துல 1928 பிப்ரவரில எப்பிங் காட்டுக்குள்ள ஹை பீச்னு ஒரு எடத்துல ஆரம்பிச்ச ஆட்டம், ஒரு காலத்துல வெம்ப்ளி ஸ்டேடியத்தையே நெறப்பியிருக்கு. இப்ப நான் போற ராத்திரில எல்லாம் பாதி சீட்டு காலி தான், அது வேற சோகம்.

அந்த பெரியவர் தான் மூச்சுக்கு மூச்சு "விக்கி, விக்கி"ன்னு சொல்லிட்டே இருப்பாரு. சைமன் விக். 1960ல அய்ல்ஸ்பரில பொறந்தவர், ஆக்ஸ்ஃபோர்டுல இருந்து ரொம்ப தூரம் இல்ல. இவரு கதைய கேட்டு கேட்டு தான் இந்த பெட்டிய பாத்ததும் கை பரபரன்னு ஆயிருச்சு.

இப்ப பேக்கிங் பத்தி. கொடுமை. ஒரு பழைய வாழப்பழ அட்டப்பெட்டி, உள்ள ரெண்டு பிளாஸ்டிக் பை, பைக்குள்ள ப்ரோக்ராம நிக்க வச்சு திணிச்சிருக்காரு, மேல ஒரு நியூஸ்பேப்பர் கசக்கி போட்டிருக்கு, அவ்ளோ தான். மொன எல்லாம் மடங்கி நாய் காது மாதிரி. தொறந்ததும் ஈர செவுத்து நாத்தம், யாரோ கராஜ்ல பல வருஷம் போட்டு வச்சிருந்தாங்க போல. பின்னு எல்லாம் துரு, நடுப்பக்கத்துல துருக்கறை எறங்கி பேப்பர் பிஸ்கட் கலர்ல ஆயிருச்சு. ஆறு புக்கு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு வந்துது, பிரிக்கும்போது ரெண்டோட அட்டை கிழிஞ்சுது. லிஸ்டிங்ல போட்ட அஞ்சு போட்டோலயும் நல்லா இருக்கிற அஞ்சு புக்க மட்டும் தான் போட்டிருக்காருன்னு அப்புறம் தான் புரிஞ்சுது, முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்கிறதுன்னா இது தான். கண்டிஷன் "குட்"ன்னு போட்டிருந்தாரு. அவரு அகராதில குட்டுன்னா கரையான் இன்னும் ஆரம்பிக்கலன்னு அர்த்தம்.

இவ்ளோ திட்டிட்டு ஏன் திருப்பி அனுப்பலன்னு கேப்பீங்க. காரணம் உள்ள இருக்கிற பேனா.

ஸ்பீட்வே ப்ரோக்ராம்ல நடுப்பக்கம் ஒரு கட்டம் போட்ட பக்கம். ஒவ்வொரு ஹீட்டுக்கும், அதாவது ஒவ்வொரு ரேஸுக்கும், நாலு பேர், ஹெல்மெட் கலர், பக்கத்துல காலி கட்டம். வீட்டு டீமுக்கு செவப்பு நீலம், வந்த டீமுக்கு வெள்ளை மஞ்சள். ஒவ்வொரு ரேஸ் முடிஞ்சதும் ஜனங்க பேனாவ எடுத்து எழுதிக்குவாங்க, யாரு 3, யாரு 2, டைம் எவ்ளோ, மொத்த ஸ்கோர் எவ்ளோ. இப்ப கூட ஸ்டேடியத்துல பாத்தீங்கன்னா போன் இருந்தாலும் வயசானவங்க கிளிப்போர்டு பேனாவோட தான் வருவாங்க, பேனா மறந்தவன் பக்கத்து சீட்ல கெஞ்சணும். சில கலெக்டர்ங்க எழுதாத புக்கு தான் வேணும், எழுதுனது மட்டம்னு சொல்றாங்க. எனக்கு தலைகீழ். எழுதாத ப்ரோக்ராம் விளம்பர நோட்டீஸ் மாதிரி, எழுதுனது தான் ஒரு ராத்திரி.

இந்த பெட்டில இருக்கிற 57ல 49 எழுதுனது, ஒண்ணத் தவிர அத்தனையும் ஒரே ஆள் கையெழுத்து. நீல பேனா, பொடிப்பொடி எழுத்து, 7க்கு நடுவுல ஒரு கோடு போடுவாரு. கீழ விழுந்தா ஒரு எழுத்து, இன்ஜின் போயிட்டா ஒரு எழுத்து, ஸ்டார்ட்ல கட்டியிருக்கிற டேப்ப தொட்டு வெளிய போனா ஒரு எழுத்துன்னு அவருக்குன்னு ஒழுங்கு. மழை வந்த அன்னிக்கு மை கலங்கியிருக்கு, அதுக்கு மேல பென்சில்ல திரும்ப எழுதிருக்காரு. ரெஃப்ரி முடிவு புடிக்கலன்னா ஓரத்துல ஒரே ஒரு ஆச்சரியக்குறி. கெட்ட வார்த்த ஒண்ணு கூட இல்ல, மனுஷன் கண்ணியமானவர். எனக்கு பதினோரு வயசுல பொண்ணு இருக்கு, அவ ஒரு ஞாயித்துக்கிழம உக்காந்து இவரு கூட்டல் எல்லாம் சரியான்னு செக் பண்ணா, ஒவ்வொரு ஹீட்லயும் 3, 2, 1 சேந்தா 6 வரணும் இல்லயா அத வச்சு. பத்து புக்குல ஒரு தப்பு தான் கண்டுபுடிச்சா. "அப்பா இவரு உங்களவிட நல்லா கணக்கு போடறாரு"ன்னா. இருக்கட்டும்.

இதுல விக் எங்க வர்றாரு? ஆரம்பம் வேமவுத், தெற்கு கடற்கரைல ரெண்டாவது லீக் டீம், அதுல ரெண்டே ரெண்டு புக்கு இருக்கு, ரெண்டும் எழுதாதது, எங்கயோ கடைல வாங்கி சேத்திருப்பாரு. அடுத்து 1983, க்ரேட்லி ஹீத், அந்த வருஷம் அவங்க தான் லீக் சாம்பியன், எரிக் குண்டர்சன்னு டேனிஷ்காரர் அந்த டீம்ல. பேர ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வருவாரு. 1984ல ஆக்ஸ்ஃபோர்ட் மேல் லீக்குக்கு ஏறி வந்தப்ப ரெண்டு பெரிய ஆளா வாங்குனாங்க, ஒருத்தர் டென்மார்க் ஹான்ஸ் நீல்சன், இன்னொருத்தர் விக். இங்க இருந்து தான் பெட்டி கனக்க ஆரம்பிக்குது. நம்ம நீலப் பேனாக்காரர் ஆக்ஸ்ஃபோர்டு ஆளு, சந்தேகமே இல்ல, வீட்டு மேட்ச் வரிசையா இருக்கு.

அந்த பக்கங்கள தான் நான் ராத்திரி ராத்திரி பொரட்டிட்டு இருந்தேன். நீல்சன் வரில பாத்தா 3, 3, 3, 3, ஏதோ ரப்பர் ஸ்டாம்ப் அடிச்ச மாதிரி. விக் வரில 3, 2, 3, 2. ஆனா அந்த 2 பக்கத்துல ஒரு சின்ன கோடு இருக்கும். மொதல்ல தூசின்னு நெனச்சு தொடச்சுப் பாத்தேன், போகல. அந்த பெரியவர்கிட்ட போட்டோ எடுத்து காட்டுனதும் சிரிச்சாரு. அது போனஸ் கோடு. உன் டீம் ஆளுக்கு பின்னாடியே நீ வந்தா உனக்கு ஒரு போனஸ், ஏன்னா அவன் உன் ஆளு, அவன முந்துறதுக்கு நீ பாய வேண்டிய அவசியம் இல்ல, எதிராளி ரெண்டு பேரையும் பின்னாடி வச்சாச்சு, ஹீட் 5-1. பாயிண்ட் கணக்குல சேராது, காசு கணக்குல சேரும், அவரோட சராசரிலயும் சேரும். அதாவது விக்கோட 2 பல நேரம் தோல்வி 2 இல்ல, வேலைய கச்சிதமா முடிச்ச 2. ரெக்கார்டு புக்க பாத்தா நீல்சன் பக்கத்துல நின்ன இன்னொருத்தர் மாதிரி தெரியும், அந்த கோட்ட பாத்தா தான் 1985, 1986 ரெண்டு வருஷமும் ஆக்ஸ்ஃபோர்ட் ஏன் லீக் சாம்பியன் ஆச்சுன்னு புரியும். ஒத்த ரைடர் எவ்ளோ பெரிய ஆளா இருந்தாலும் ஹீட்டுக்கு 3 தான் எடுக்க முடியும், மீதி 2 எங்கிருந்து வருதுன்னு தான் கேள்வி.

இதுக்கே 45 பவுண்டுல ஒரு 25 போச்சுன்னு வைங்க.

அடுத்து 1988, 1989 பிரிட்டிஷ் ஃபைனல், கவென்ட்ரி பக்கத்துல பிராண்டன்ல, ரெண்டு புக்கும் இருக்கு, ரெண்டுலயும் விக் ஜெயிச்சாரு, ரெண்டும் நல்ல கண்டிஷன், அட்ட பளபளன்னு. ஆனா சும்மா சொல்லக் கூடாது, எனக்கு அது ரெண்டும் அவ்ளோ சுவாரசியமா இல்ல. நீலப் பேனா அவசரத்துல எழுதிருக்கு, ஓரத்துல ஒண்ணும் இல்ல. சந்தோஷமா இருந்தா மனுஷன் குறிப்பு எழுத மாட்டான் போல.

1989 ம்யூனிக் புக்கு தான் பெட்டியோட மொத நகை. உலக ஃபைனல், ஒலிம்பிக் ஸ்டேடியம், ஜெர்மன்ல அச்சடிச்சது. அந்த காலத்துல உலக சாம்பியன்னா ஒரே ஒரு நாள் தான், இப்ப மாதிரி சீசன் முழுக்க சுத்தி சுத்தி ரவுண்டு இல்ல. 16 பேர், 20 ஹீட், ஆளுக்கு அஞ்சு ரேஸ், அதிகபட்சம் 15. ஒரு ரேஸ்ல செயின் கழண்டா ஒரு வருஷம் போச்சு. நீல்சன் 15க்கு 15, பரீட்சைல நூத்துக்கு நூறு வாங்குற பையன் மாதிரி. விக்கும் இன்னொரு இங்கிலீஷ்காரர் ஜெரமி டான்காஸ்டரும் ஆளுக்கு 12, ரெண்டாவது எடம் யாருக்குன்னு முடிவு பண்ண தனியா ஒரு ரேஸ், ரன்-ஆஃப்னு சொல்வாங்க, விக் ஜெயிச்சாரு. அந்த ரன்-ஆஃபுக்கு ப்ரோக்ராம்ல கட்டமே இல்ல, நம்மாளு கீழ காலி எடத்துல கோணலா கோடு கிழிச்சு தனியா ஒரு கட்டம் போட்டு ரெண்டு பேர் பேரையும் எழுதி விக் பேருக்கு அடியில ரெண்டு கோடு போட்டிருக்காரு. கையி நடுங்கிருக்கு, கோடு நேரா இல்ல. ம்யூனிக் வரைக்கும் போயிருக்காரு மனுஷன், உள்ள ஒரு ரயில் டிக்கெட் துண்டு புக்மார்க் மாதிரி கெடந்துது, அத நான் எடுக்கல, அங்கயே இருக்கு. ஆக்ஸ்ஃபோர்டு டீம்ல பக்கத்து பக்கத்துல ஓட்டுன ரெண்டு பேர் உலகத்துல ஒண்ணு ரெண்டா வந்து நின்ன அந்த ராத்திரி, முன்னாடி நின்னது நீல்சன் தான், இங்கயும். ஆனா இந்த 2 பக்கத்துல கோடு இல்ல.

ரெண்டாவது நகைன்னு சொல்ல வாய் வரல, அதே செப்டம்பர்ல ரெண்டு வாரம் கழிச்சு பிராட்ஃபோர்டுல ஓட்சல் ஸ்டேடியத்துல நடந்த உலக டீம் கப் ஃபைனல். இதுல மொத ஹீட் கட்டம் காலி. மத்த எல்லா ஹீட்டும் எழுதிருக்கு, மொத ஹீட் மட்டும் வெள்ளையா. நான் மொதல்ல அவரு லேட்டா வந்திருப்பாருன்னு நெனச்சேன், டிராஃபிக்ல மாட்டிருப்பாருன்னு. பெரியவர்கிட்ட கேட்டேன், அவரு கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அந்த மொத ஹீட்ல மொத வளைவுல நாலு பைக்கும் மோதி விழுந்துச்சு, குண்டர்சனுக்கு பலத்த அடி, உசுரு பொழச்சதே பெருசு, அதுக்கப்புறம் பைக் ரேஸே ஓட்டல. மூணு தடவ உலக சாம்பியன் ஆனவர். க்ரேட்லில விக் கூட ஓட்டுன அதே குண்டர்சன். அன்னிக்கு இங்கிலாந்து ஜெயிச்சுது, ஆறு வருஷமா டென்மார்க்கே வச்சிருந்த கப்பு, விக்கும் அந்த டீம்ல உண்டு. கடைசி பக்கத்துல நீலப் பேனா இங்கிலாந்து மொத்தத்த எழுதிருக்கு, ஆனா எங்கயும் அடிக்கோடு இல்ல, ஆச்சரியக்குறி இல்ல. அந்த காலிக் கட்டத்த என் பொண்ணு பாத்துட்டு "இத நாம எழுதிடலாமா, நெட்ல இருக்குமே"ன்னு கேட்டா. வேணாம்மான்னு சொல்லிட்டேன்.

சரி, இப்ப பெரிய குறைக்கு வரேன். இது வித்தவர் மேல மட்டும் இல்ல, எழுதுனவர் மேலயும் செல்லமா ஒரு கோவம்.

இது "சைமன் விக் கலெக்ஷன்" கெடையாதுங்க. இது பாதி விக்.

விக் உண்மைல யாருன்னா புல்லுத் தரை ஆளு. க்ராஸ்ட்ராக்னு சொல்றது, கோடைல ஒரு விவசாயியோட வயல வாங்கி, ஆடு மாடு மேஞ்சுட்டு போன எடத்துல கயிறு கட்டி ஓவல் போட்டு ஓட்டுறது, ஜனங்க காரோட வந்து ஓரத்துல நிறுத்தி டிக்கிய தொறந்து வச்சு சாண்ட்விச் சாப்ட்டுட்டே பாப்பாங்க. ஸ்பீட்வே மாதிரி சீரா தரை கெடையாது, காலைல பச்சையா இருக்கிறது சாயங்காலம் பள்ளமும் மேடும் புழுதியும், ஒவ்வொரு ரேஸுக்கும் வழி மாறும். பைக்கும் வேற, ரெண்டு கியர் இருக்கும். இதுல இருந்து தான் இங்கிலாந்தோட பல பெரிய ஸ்பீட்வே ஆளுங்க வந்தாங்க, 1976ல உலக சாம்பியன் ஆன பீட்டர் காலின்ஸ் கூட புல்லுல கத்துக்கிட்டு வந்தவர் தான்.

இதோட பெரியண்ணன் லாங்ட்ராக். ஜெர்மனில குதிரை வண்டி ரேஸ் விடுற மைதானம் இருக்கே, அதுல ஒரு கிலோமீட்டர் ஓவல், மணல் தரை. ஆக்ஸ்ஃபோர்ட் ட்ராக் முன்னூறு மீட்டர் கூட வராது, அத விட மூணு மடங்குக்கு மேல பெருசு. மணிக்கு 130 கிலோமீட்டர தாண்டுற வேகம், அங்கயும் பிரேக் கெடையாது, முன்னாடி போறவன் கெளப்புற மண்ணுல கண்ணே தெரியாது. இந்த ஆட்டத்துல விக் அஞ்சு தடவ உலக சாம்பியன். 1985, 1989, 1990, 1993, 1994. அஞ்சு தடவ! மொதோ தடவ ஜெயிச்சது டென்மார்க்ல எஸ்பியர்க்ல. இப்ப 1989 ஒரு வருஷத்த மட்டும் எடுத்துக்கோங்க, பிரிட்டிஷ் சாம்பியன், ஸ்பீட்வேல உலக நம்பர் ரெண்டு, டீம் கப் தங்கம், லாங்ட்ராக்ல உலக நம்பர் ஒண்ணு, எல்லாம் அதே ஆளு அதே வருஷம். சனிக்கிழம ஒரு நாடு, ஞாயித்துக்கிழம ஒரு நாடு, நடுவுல வேன்ல ரெண்டு வகை பைக்க ஏத்திக்கிட்டு ராத்திரி பூரா ரோட்டுல. இங்க நீல்சனுக்கு அடுத்து நின்னவர் அங்க போனா அவருக்கு முன்னாடி ஆளே இல்ல.

இந்த பாதிக்கு பெட்டில என்ன இருக்கு? மூணே மூணு. இங்கிலாந்து க்ராஸ்ட்ராக் ப்ரோக்ராம் ஒண்ணு, நாலு பக்கம் சைக்ளோஸ்டைல் பேப்பர், அதுலயும் மழைல நனைஞ்சு பாதி கரைஞ்சு போயிருக்கு. ஜெர்மன் லாங்ட்ராக் புக்கு ரெண்டு, ஒண்ணுக்கு அட்டையே இல்ல. அவ்ளோ தான். அஞ்சு உலக சாம்பியன் பட்டம், அதுல ஒரு ஃபைனல் புக்கு கூட இல்ல. தலைப்புல "கலெக்ஷன்"னு போட்டா மனுஷன் என்னத்த எதிர்பாப்பான்? கல்யாண ஆல்பம்னு குடுத்துட்டு உள்ள பொண்ணு வீட்டு போட்டோ மட்டும் இருந்தா எப்படி, அந்த கதை தான்.

ஆனா நீலப் பேனாக்காரர குறை சொல்லி என்ன பிரயோஜனம், அவரு ஆக்ஸ்ஃபோர்டு ரசிகர், வாரா வாரம் வீட்டுப் பக்கத்து ஸ்டேடியம், அவருக்கு விக்னா நீல செவப்பு ஹெல்மெட்ல வர்ற உள்ளூர் பையன். இங்கிலாந்துலயே பல பேருக்கு அப்படித்தான் போல, ஸ்பீட்வே உலக சாம்பியன் யாருன்னா கடகடன்னு சொல்வாங்க, லாங்ட்ராக் பத்தி கேட்டா "ஆங், அது ஜெர்மன்காரங்க வெளாட்டு". மைக்கேல் லீ ரெண்டையும் ஜெயிச்சவர், 1980ல ஸ்பீட்வே, 1981ல லாங்ட்ராக், அவரயும் மொத பட்டத்துக்கு தான் கொண்டாடுவாங்க. கெல்வின் டேட்டம் மூணு தடவ லாங்ட்ராக் சாம்பியன், ஆனா டிவில கமெண்ட்ரி சொல்ற மனுஷனா தான் நெறைய பேருக்கு தெரியும். விக் ஸ்பீட்வே பட்டத்த ஜெயிக்கல, அதனால வரிசைல கொஞ்சம் பின்னாடி தள்ளி நிக்க வச்சுட்டாங்க, எனக்கு இது சுத்தமா புடிக்கல.

அந்த அட்டை இல்லாத ஜெர்மன் புக்குல ஒரு விஷயம் இருக்கு, சொல்லாம இருக்க முடியல. அதுல நீலப் பேனா இல்ல. வேற யாரோ பச்ச பேனால எழுதிருக்காங்க, வேற கையெழுத்து, 1ல மேல கொம்பு நீட்டி ஜெர்மன்காரங்க எழுதுற மாதிரி. விக் வரில ஒவ்வொரு எண்ணுக்கும் வட்டம். நம்மாளு இத எங்கயோ யாருகிட்டயோ மாத்திக்கிட்டாரா, ம்யூனிக்ல பக்கத்து சீட்ல உக்காந்தவன் குடுத்தானா, தெரியாது. ஆனா அங்க ஒரு ஆளு பச்ச பேனாவோட உக்காந்து அஞ்சு பட்டத்தையும் எழுதி வச்சிருப்பான்ல, அவன் பெட்டி எங்கயோ ஒரு ஜெர்மன் கராஜ்ல இருக்கும்ல? மீதி பாதி அதுல தான் இருக்கு.

பெட்டில கடைசி புக்கு 1990கள் நடுவுல நிக்குது. விக் 2000 நவம்பர்ல மூளைல கட்டி வந்து செத்துப் போனாரு, நாப்பது வயசு தான். அத பத்தி பெட்டில ஒரு துண்டு பேப்பர் கூட இல்ல. தேடிப் பாத்தேன்.

இப்ப வித்தவரோட சர்வீஸ். எண்ணிக்கை கொறையுது, கண்டிஷன் தப்புன்னு போட்டோவோட மெசேஜ் போட்டேன். மூணு நாள் பதிலே இல்ல. அப்புறம் "பழைய புக்குன்னா பழசா தான் சார் இருக்கும்"ங்கிற அர்த்தத்துல ஒரு பதில். நான் விடல, லிஸ்டிங்ல 60க்கு மேலன்னு நீங்களே தான எழுதுனீங்கன்னு கேட்டேன், 8 பவுண்டு திருப்பி குடுத்தாரு, மன்னிப்பு எல்லாம் கெடையாது. ஆக எனக்கு மொத்தம் 43 ஆச்சு. தனித்தனியா வாங்குனா சாதா லீக் மேட்ச் புக்கு ஒண்ணு ரெண்டு பவுண்டுக்கே கெடைக்குது, உலக ஃபைனல் புக்குக்கு தான் கொஞ்சம் கூட கேக்கறாங்க, அதனால காசு கணக்குல நஷ்டம் இல்ல. ஆனா ஒரே ஆள் எழுதுன வரிசை தனித்தனியா வாங்குனா கெடைக்காது, அத பிரிச்சு விக்காம மொத்தமா வித்ததுக்கு மட்டும் இந்த ஆளுக்கு ஒரு நன்றி, தெரிஞ்சு பண்ணாரோ சோம்பேறித்தனத்துல பண்ணாரோ.

வாங்கப் போறவங்களுக்கு சொல்றேன், இந்த மாதிரி பெட்டி பாத்தீங்கன்னா நடுப்பக்கம் போட்டோ கேளுங்க, அட்ட போட்டோ வேலைக்காகாது. எழுதிருக்கா, ஒரே கையெழுத்தான்னு பாருங்க. வந்ததும் வீட்டுக்குள்ள கொண்டு போகாதீங்க, நான் ரெண்டு நாள் ஷெட்ல காய வச்சேன், வெயில்ல போடக் கூடாது மை வெளுத்துரும், துரு புடிச்ச பின்ன நகத்தால புடுங்காதீங்க, கத்தி மொனையால நிமித்தி எடுத்துட்டு வெள்ளை நூல்ல கட்டிக்கலாம். நான் இது வரைக்கும் 31 முடிச்சிருக்கேன். ஒட்டிக்கிட்ட புக்க பிரிக்க அவசரப்படாதீங்க, அவசரப்பட்டு தான் ரெண்டு அட்டய கிழிச்சேன், அதுக்கு வித்தவர திட்ட முடியாது.

ஸ்டார் கேட்டா, பேக்கிங்குக்கும் வெவரத்துக்கும் 5க்கு 1, உள்ள இருக்கிறதுக்கு 5க்கு 4. அந்த ஒண்ணு ஏன் கொறச்சேன்னு மேல சொல்லிட்டேன்.

வித்தவர்கிட்ட கடைசியா ஒண்ணு கேட்டேன், இத எழுதுன மனுஷன் யாருன்னு. ஒரு வீட்ட காலி பண்ணப்ப மொத்தமா எடுத்தது, பேர் தெரியாதுன்னாரு. அங்க இருந்து வேற ஏதாச்சும் எடுத்தீங்களான்னு கேட்டேன். ஒரு கிளிப்போர்டு இருந்துச்சு, பழசு, ஒடஞ்சு போயிருந்துச்சு, தூக்கி போட்டுட்டேன்னாரு.